துரை நினைத்தால் பேர் வெட்ட முடியாது
"அமெரிக்காவில்தான் வேலைக்குப் பாதுகாப்பு, இங்கே துரை (தோட்ட நிர்வாகி) நினைத்தால் நாளைக்கே பேர் வெட்டு (வேலை நீக்கம்)" என்று எழுதியிருக்கிறீர்கள் அண்ணே, விஷயம் தலைகீழ். அங்கே மொன்டானா தவிர மற்ற மாநிலங்களில் பொதுவாகக் காரணமே சொல்லாமல் நிறுத்தலாம். நம் இலங்கையில் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது: 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்தவரை, ஆள் குறைப்பு, நட்டம் என்று சொல்லி நிறுத்த வேண்டுமானால் அவருடைய எழுத்துமூல சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். ஒழுக்காற்றுக் குற்றம் சாட்டி நிறுத்தினால் இந்தச் சட்டம் பொருந்தாது, சரி, ஆனால் அதற்குத் தொழிலாளர் வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபை இருக்கிறது, ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். ஹட்டன் பக்கம் எத்தனையோ பேர் இது தெரியாமல் வெற்றுத்தாளில் கையெழுத்து வைத்துவிடுகிறார்கள், தயவுசெய்து வைக்காதீர்கள்.