சாவி யார்கிட்ட இருக்கு?

எங்க ஊர் சமுதாயக்கூடத்துச் சாவி பல வருஷமா ஊராட்சி அலுவலக ஆணியில தொங்கிக்கிட்டு இருந்தது. கல்யாணம், காதுகுத்து, கருமாதின்னா கழட்டுவாங்க. மத்த நாள் எல்லாம் பூட்டுதான். திண்ணையில சீட்டாட்டம், சுவரோரம் காலி பாட்டில்.

போன வருஷம் நாங்க நாலு பேர் போய்ச் சாவியைக் கேட்டோம். "ஏதாவது உடைஞ்சா யாரு பதில் சொல்றது?"ன்னு ரெண்டு மாசம் அலைய விட்டுத்தான் கொடுத்தாங்க. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறல. ஊர்ப் பணத்துல கட்டின கூடத்தைத் திறக்க ஊரே கெஞ்சணுமா?

குடியாத்தம் பக்கம் எங்களுது பீடி சுத்துற ஊர். இப்போ சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல பொம்பளைங்க கூடத்துக்கு வராங்க. ஆனா பீடி முறம் உள்ளே வரக்கூடாது. தூள் நெடி பிள்ளைங்களுக்கு ஆகாதுன்னு அவங்களே போட்ட கட்டுப்பாடு இது. காலையில இருந்து குனிஞ்சே இருந்த கழுத்து அங்கதான் நிமிருது.

வீடு தேடி வந்து பிரஷர், சுகர் பார்க்கிற அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட்ல வந்தது. அந்தத் திட்டத்து அக்கா வீட்டுக்கு வந்தப்போ எல்லாம் எங்க ஆயா "எனக்கு ஒண்ணுமில்ல, போம்மா"ன்னு அனுப்பிடும். கூடத்துல பத்துப் பேர் பிரஷர் பார்க்கக் கையை நீட்டுறதைப் பார்த்ததும் தானும் நீட்டிடுச்சு. 180. "வெயில்ல நடந்து வந்தேன்டா"ன்னு சொல்லுச்சு. கொஞ்ச நேரம் உட்கார வச்சு மறுபடி பார்த்தா 176. ரெண்டு வருஷமா தலைசுத்தலுக்குச் சுக்குக் காப்பி குடிச்சிக்கிட்டு இருந்திருக்கு! இப்போ மாத்திரை வீட்டுக்கே வருது. ஆயாவும் ஒரு வேளை விடாம போடுது.

இது நம்ம பக்கத்துக்குப் புதுசும் இல்ல. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கின டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா வேலூர்ல இருந்து குடியாத்தம் வர்ற வழியில மரத்தடியில நின்னு வைத்தியம் பார்த்தவங்க. கே.வி.குப்பத்துல சி.எம்.சி.யோட கிராமப் பிரிவான ரூசா 1977-லயே வைத்தியத்தோட ஜனங்க பிழைப்பையும் சேர்த்துக் கையில எடுத்தது. ஜனங்க கூடுற இடத்துக்கு வைத்தியம் வரணும். அதுக்குன்னு ஒரு கூரையைக் கட்டி வச்சுட்டுப் பூட்டுறது எவ்வளவு பெரிய அநியாயம்!

பசங்க விஷயம் சொல்லணும். பின்னால இருக்கிற புளியமரத்துல ஒரு கயிறு கட்டியிருக்கோம். போலீஸ் தேர்வுக்கு ஆம்பளைப் பசங்க கயிறு ஏறணும், 1,500 மீட்டரை 7 நிமிஷத்துல ஓடணும், பொண்ணுங்க 400 மீட்டரை இரண்டரை நிமிஷத்துல ஓடணும். திண்ணையில சீட்டு போட்ட அதே பசங்கதான் இப்போ விடியக்காலையில ஸ்டாப் வாட்சோட நிக்கிறாங்க. ரெண்டு பொண்ணுங்களும் ஓட வராங்க. முதல்ல ஒரு வாரம் அம்மாக்கள் கூட வந்து நின்னாங்க. இப்போ அந்த அம்மாக்களும் நடக்க ஆரம்பிச்சிட்டாங்க. யாரும் சொல்லித் தரல.

ராத்திரி எட்டு வரைக்கும் உள்ளே படிக்கிற பிள்ளைங்க இருக்காங்க. ஒரே அறை வீட்டுல டிவி ஓடும்போது பத்தாவது படிக்கிற பிள்ளை எங்க போய்ப் படிக்கும்?

வர்ற அக்டோபர் 2 கிராம சபையில நாங்க எழுதிக் கொடுக்கப் போறது மூணுதான். பொம்பளைங்க கழிப்பறைக்குத் தாழ்ப்பாள். பின்பக்கம் ஒரு லைட்டு. சாவி தினமும் காலையில அஞ்சு மணிக்கு எங்க கையில இருக்கணும்னு ஒரு தீர்மானம். நம்ம ஊர்க்காரங்க அன்னிக்கு அவசியம் வாங்க, கையெழுத்து போடணும்.