கதைச்சா வருத்தம் மாறுமோ?

சனிக்கிழமைப் பெற்றார் கூட்ட வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதில் ஒருவர் சொல்கிறார்: "பிள்ளைக்கு மனச்சோர்வெண்டா குளிசையைக் குடுங்கோ. இருத்திவைச்சுக் கதைச்சா வருத்தம் மாறுமோ?" மண்டபம் முழுக்கச் சிரிப்பு. நல்லது, சிரியுங்கள்.

நான் குளிசைக்கு எதிரியில்லை. முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு கீழே வந்து வகுப்பெடுக்க வேண்டாம். என் மகள் 13 வயதில் புளுஒக்செற்றீன் என்ற மனச்சோர்வுக் குளிசை எடுத்தவள். பலன் தந்தது. ஆனால் பலன் தெரியவே நாலைந்து கிழமை பிடித்தது. அதுவரை பிள்ளையோடு யார் கதைப்பது? இந்த வகைக் குளிசை தொடங்கும்போது சில பிள்ளைகளுக்குச் சாகும் எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004இலேயே எச்சரித்தது. கதைக்காமல் அதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? குளிசைப் போத்தலைக் குலுக்கியா?

அதே 2004இல் அங்கே 12 முதல் 17 வயது வரையான 439 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. 12 கிழமையில் குளிசையும் கதைத்துச் செய்யும் சிகிச்சையும் சேர்த்து எடுத்தவர்களில் 71 வீதம் பேர் தேறினார்கள். குளிசை மட்டும் எடுத்தவர்களில் 61. கதைக்கும் சிகிச்சை மட்டும் என்றால் 43தான், அதையும் மறைக்கவில்லை. இரண்டும் வேண்டும் என்றுதானே நானும் கத்துகிறேன்!

எங்கள் உளவளத்துணை அக்காவிடம் முதல் மூன்று புதன்கிழமையும் மகள் வாயே திறக்கவில்லை. வாங்கில் இருந்து பெயின்ற்றை நகத்தால் உரித்தாள். அக்கா வற்புறுத்தவில்லை. நாலாம் கிழமை ஒரு வேலை கொடுத்தார்: பின்னேரம் கோழிக்குத் தீன் போட்டுவிட்டு, மனம் எப்படி இருந்தது என்று பத்துக்கு ஒரு இலக்கம் கொப்பியில் எழுத வேண்டும். 2, 2, 3, 2. ஒருநாள் 5. "குஞ்சு பொரிச்சது" என்று பக்கத்தில் எழுதியிருந்தாள். அந்தக் கொப்பி இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது.

கிளினிக்கில் அவ்வளவு சனத்துக்குள் டொக்டருக்கு எங்கே நேரம் என்பீர்கள். சரி, நியாயம். அதுக்குத்தான் ஆள் போடச் சொல்லிக் கேளுங்கள், சிரிக்காமல்.

"முள்ளிவாய்க்காலுக்குள்ளால வந்த எங்களுக்கு யார் கவுன்சிலிங் தந்தது?" இதுவும் வரும், தெரியும். ஒருவரும் தரவில்லை. என் அப்பா இன்னும் கோயில் வெடிச் சத்தத்துக்குக் கட்டிலுக்குக் கீழே போகிறார். இதைத்தானா பிள்ளைகளுக்கும் சீதனமாகக் கொடுக்கப் போகிறீர்கள்?

அந்த வீடியோவுக்குக் கீழே சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் என் சொந்தச் சித்தப்பாவும் ஒருவர். மகளின் வருத்தம் முழுக்கத் தெரிந்த மனுசன். "விசருக்குக் கதையாம்" என்று வேறு எழுதியிருக்கிறார்.

சித்தப்பா, அதை எனக்குக் காட்டினதே அவள்தான்.