அந்தக் கைதட்டல்தான் எனக்கு ஆறல

சனிக்கிழமை நம்ம சிறு தொழில்காரங்க கூட்டத்துல பேசினவர் என்ன சொன்னார்னு இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும், வீடியோ நாலு குரூப்ல சுத்திடுச்சு. "45 நாள் சட்டம்தான் உங்க ஆர்டரைக் கெடுக்குது, உத்யம் பதிவை ரத்து பண்ணிட்டு நிம்மதியா தொழில் பண்ணுங்க." உத்யம்னா குறு, சிறு, நடுத்தர நிறுவனம்னு அரசுகிட்ட பண்ற பதிவு. அது இருக்கிற குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள்ள பணம் தரணும்கிறதால, வாங்கற கம்பெனிங்க ஆர்டரை வேற இடத்துக்குக் குடுத்துடறாங்கங்கிறதுதான் அவர் வாதம். அவர் சொன்னதைக்கூட விட்டுடலாம். கை தட்டினாங்க பாருங்க, ரெண்டு நாளா அதுதான் மனசுல ஓடுது. தட்டினவங்க எல்லாம் லேத் ஓட்டுறவங்க, பில் போட்டுட்டு மாசக்கணக்கா போன் அடிக்கிறவங்க. நம்ம ஆளுங்க.

அந்தச் சட்டம் இதுதான்: 1961 வருமான வரிச் சட்டம், பிரிவு 43பி(எச்). 2023 பட்ஜெட்டோட வந்தது, 2024-25 மதிப்பீட்டு ஆண்டுல இருந்து அமல். குறு, சிறு நிறுவனத்துகிட்ட சரக்கு வாங்கற கம்பெனி, எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதுல சொன்ன நாளுக்குள்ள, அதுவும் 45 நாளுக்கு மிகாம, பணம் தரணும். ஒப்பந்தம் இல்லன்னா 15 நாள். கெடு தாண்டி மார்ச் 31 வரைக்கும் தராம வெச்சிருந்தா, அந்தத் தொகையை அந்த வருஷம் செலவா கழிச்சு வரியைக் குறைக்க முடியாது. என்னைக்குப் பணம் தர்றாங்களோ அந்த வருஷம் கழிச்சுக்கலாம். இவ்வளவுதாங்க. ஜெயிலும் இல்ல, அபராதமும் இல்ல. கழிவு ஒரு வருஷம் தள்ளிப்போகுது. இதையே தாங்க முடியலன்னு சொல்றாங்க.

45 நாள் கணக்கு புதுசா வந்ததும் இல்ல. 2006 எம்எஸ்எம்இ மேம்பாட்டுச் சட்டத்துலயே இருக்கு. தாமதமானா ரிசர்வ் வங்கியோட பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு, மாசாமாசம் கூட்டு வட்டின்னு 16-ம் பிரிவு சொல்லுது. அந்த வட்டியை வாங்கின ஒரு ஆளை உங்க ஷெட் வரிசையில காட்டுங்க. நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. ஏன்னா அதுக்கு நாமதான் புகார் குடுக்கணும். 2017-ல தாமதப் பணத்துக்குப் புகார் குடுக்க அரசோட சமாதான் போர்ட்டல் வந்துச்சு, அதுலயும் நாமதான் குடுக்கணும். புகார் குடுத்தா அடுத்த பி.ஓ., அதாவது பர்ச்சேஸ் ஆர்டர், வராது. 43பி(எச்) அப்படி இல்ல. நாம வாயைத் திறக்கவே வேண்டாம், அவங்க ஆடிட்டரே அவங்களைக் கேப்பாரு. நாம பயந்துகிட்டு சும்மா இருந்தாலும் நமக்காக வேலை செய்யற ஒரே பிரிவு இதுதான். அதைத்தான் வேண்டாம்னு கை தட்டியிருக்கோம்.

2021-ல ஒரு கம்பெனிக்கு வால்வு பாகம் பண்ணிக் குடுத்தேன். நாலு லட்சம் பில், மேல 18 சதவீத ஜிஎஸ்டி 72,000. அடுத்த மாசம் 20-ம் தேதி அந்த 72,000-ஐ ஓ.டி.ல, அதாவது பேங்க் ஓவர்டிராப்ட் கடன்ல, இருந்து எடுத்துக் கட்டினேன். எனக்கு ஒத்தப் பைசா வரல. ஆனா நான் கட்டின அதே 72,000-ஐ அவங்க உள்ளீட்டு வரிக் கடனா, அதாவது அவங்க கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில கழிச்சுக்கிற தொகையா, எடுத்துகிட்டாங்க. 180 நாள் வரைக்கும் எனக்குக் குடுக்காமலே வெச்சுக்கலாம்னு ஜிஎஸ்டி சட்டமே இடம் தருது. என் பணத்துல அவங்க வரி கட்டினாங்க. 131-வது நாள்தான் பணம் வந்துச்சு. நடுவுல அக்கவுண்ட்ஸ்ல கேட்டா "ஜி.ஆர்.என். (சரக்கு வந்த ரசீது) போடல", ஸ்டோர்ஸ்ல கேட்டா "க்யூ.சி. (தரச் சோதனை) முடியல". சரக்கு இறக்கி 15 நாளுக்குள்ள எழுத்துல ஆட்சேபம் சொல்லலன்னா, இறக்கின நாள்தான் ஏத்துக்கிட்ட நாள்னு சட்டத்துல இருக்கு. அது எனக்கு அப்ப தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருப்பேனா? கேட்ல செக்யூரிட்டி பக்கத்துல ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன். உள்ள என் பாகத்தைப் போட்டு அசெம்பிளி ஓடுது, சத்தம் கேக்குது.

2024 மார்ச் கடைசி வாரம் மூணு கம்பெனியில இருந்து பழைய பில் மொத்தமும் வந்துச்சு. நான் யாருக்கும் போன் பண்ணல. தொழில் ஆரம்பிச்சதுல இருந்து இப்படி ஒரு மார்ச்சை நான் பார்த்ததே இல்ல.

"ஆர்டர் நடுத்தர நிறுவனத்துக்குப் போயிடுதே"ன்னு கமெண்ட்ல கேப்பீங்க. போகுதுதான், மறுக்கல. சட்டம் குறு, சிறு நிறுவனத்தோட நின்னுடுது, நடுத்தரத்துக்கு இல்ல. அப்ப நடுத்தரத்தையும் சேர்க்கச் சொல்லிக் கேக்கணும். 2025 ஏப்ரல்ல இருந்து 25 கோடி முதலீடு, 100 கோடி விற்றுமுதல் வரைக்கும் சிறு நிறுவனம்தான்னு வரம்பை உசத்திட்டாங்க. வாங்கற கம்பெனிங்க ஓடிப்போய் ஒளியற இடமும் சுருங்கிடுச்சு.

"பெரிய கம்பெனிக்கும் பணம் லேட்டாதான வருது"ன்னு ஒருத்தர் போன வாரமே எழுதியிருந்தார். வரட்டும். அவங்களுக்கு நம்மளைவிடக் குறைஞ்ச வட்டியில பேங்க் பணம் தருது. என் ஷெட் என்ன அவங்க பேங்க்கா?

"நீ மட்டும் உன் சப்ளையருக்கு 45 நாள்ல குடுக்கறியா"ன்னு கேக்கறவங்களும் உண்டு. ஹீட் ட்ரீட்மெண்ட் பண்ற அண்ணனுக்கு நான் 70 நாள் இழுத்திருக்கேன். அவர் ஒரு வார்த்தை சொன்னதில்ல, அதனாலயே அவர் முகத்தைப் பார்க்கக் கூசும். மேல இருந்து எனக்கு வராததாலதான் கீழ நான் குடுக்கல. இப்ப வருது, குடுக்கறேன். இதுக்கு மேல இதுல வாதாட எனக்குத் தெம்பு இல்லைங்க.

ஆர்டர் போயிடும்ங்கிற பயம் எனக்கு மட்டும் இல்லாமலா? போன வருஷம் ஒரு பர்ச்சேஸ்காரர் கூப்பிட்டார். பத்து வருஷப் பழக்கம், என் பொண்ணு காதுகுத்துக்கு வந்தவர். "உத்யமை சரண்டர் பண்ணிட்டு ஒரு லெட்டர் குடுத்துடுங்க, மேல இருந்து சொல்றாங்க"ன்னார். முடியாதுன்னேன். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்"ன்னார். அதுக்கப்புறம் அந்தக் கம்பெனியில இருந்து பி.ஓ. வரல. ரெண்டு ஷிப்ட் ஓடின மெஷின் ஒரு ஷிப்ட் ஆச்சு, ஒரு பையனை நிறுத்த வேண்டியதாப் போச்சு. அவனுக்கு ரெண்டு மாசச் சம்பளம் குடுத்துத்தான் அனுப்பினேன். என்ன குடுத்தாலும் அனுப்பினது அனுப்பினதுதான். இதெல்லாம் நடந்தும் நான் இந்தச் சட்டம் வேணும்னு சொல்றேன்னா, சும்மா வீம்புக்கு இல்ல. அந்தக் கேட்டுல மறுபடி போய் உக்கார என்னால முடியாது.

சனிக்கிழமை எழுந்திருச்சு இதைச் சொல்லியிருக்கணும். மைக் கேட்டேன், நேரமில்லைன்னுட்டாங்க.

இதே மாதிரி சரண்டர் பண்ணச் சொல்லி மெயிலோ வாட்ஸாப்போ வந்தவங்க இன்பாக்ஸ்ல அனுப்புங்க. உங்க பேரோ கம்பெனி பேரோ வெளிய வராது. பத்து பேருது சேர்ந்தா கையில எடுத்துகிட்டு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகலாம்னு இருக்கேன். என்னுது முதல்ல இருக்கு.