டிஸ்க் மேல் பழி போடாதீர்கள்

விண்டோஸ் எக்ஸ்பி இருக்கும் பழைய கணினியில், கூடவே லினக்ஸ் இயங்குதளத்தையும் நிறுவிய பிறகு எக்ஸ்பி திறக்காவிட்டால் ஹார்ட் டிஸ்க்கையே மாற்றச் சொல்கிறது ஒரு கட்டுரை. அவசரப்படாதீர்கள். 2004இல் எனக்கும் இதே கதிதான். புது டிஸ்க் வாங்க சென்னை ரிச்சி தெருக் கடை வாசல் வரை போய்விட்டேன். கோளாறு டிஸ்க்கில் இல்லை, கணக்கில். டிஸ்க்கில் ஓர் இடத்தைக் குறிக்க, அதைப் படிக்கும் 'தலை' எத்தனையாவது, வட்டப் பாதையில் 'செக்டார்' என்ற துண்டு எத்தனையாவது என்று எண்ணுவது பழைய வழக்கம். எக்ஸ்பி துவங்கும்போது, பயாஸ் (கணினியை முதலில் எழுப்பும் மென்பொருள்) சொல்லும் 255 தலை, 63 செக்டார் கணக்கை நம்புகிறது. லினக்ஸின் மையப்பகுதியான 2.6 கெர்னலோ பயாஸைக் கேட்பதை விட்டுவிட்டு, டிஸ்க் தானே சொல்லும் 16 தலையை எடுத்துக்கொண்டது. (டிஸ்க்கைத் திறந்தால் இருப்பது இரண்டோ நான்கோ தலை; இரண்டு கணக்குமே கற்பனை!) டிஸ்க்கின் எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணையை அந்த 16 தலைக் கணக்கில் திருத்தி எழுதினால் எக்ஸ்பி திணறாமல் என்ன செய்யும்? பயாஸில் டிஸ்க்குக்கான அமைப்பு 'ஆட்டோ' என்றிருந்ததை 'எல்பிஏ' (இடங்களை வரிசை எண்ணால் குறிக்கும் முறை) என்று மாற்றினேன். எக்ஸ்பி திறந்துகொண்டது. ஒரு கோப்புகூடப் போகவில்லை.