பிரீஆம்ப் வேணாம், ஆனா வால்யூம் வேணும்லா

பிரீஆம்ப் (நடுவுல வால்யூமப் பாத்துக்கிற பெட்டி) இல்லாம சிடி பிளேயர நேரா பவர் ஆம்ப்ல (ஸ்பீக்கர ஓட்டுற பெட்டி) மாட்டலாமான்னு வாட்ஸ்அப் குரூப்ல மறுபடியும் சண்டை. மாட்டலாம். ஆனா சத்தத்த எங்க குறைக்கப் போறீங்க, அதச் சொல்லிட்டு மாட்டுங்க.

நான் அதச் சொல்லாமதான் மாட்டினேன். கோலாலம்பூர் செந்தூல் பிளாட்டுல, ராத்திரி ஒம்பது மணிக்கு, வால்யூமே இல்லாத பழைய பிளேயர், நேரா ஆம்புக்கு ரெண்டு ஒயரு, பிளே அமுக்கினேன், தவில் அடி ஒண்ணே ஒண்ணு, மேல் வீட்டு ஆச்சி கதவத் தட்டுறதுக்குள்ள இடது பக்க டுவீட்டர் (கீச்சு சத்தத்துக்கான குட்டி ஸ்பீக்கர்) போயிடுச்சு.

கணக்கு ரொம்ப சிம்பிள். சிடி பிளேயர் ஃபுல்லா குடுத்தா சுமாரா 2 வோல்ட். என் ஆம்ப் அத 20 மடங்கு ஆக்கும், அப்ப 40 வோல்ட், 8 ஓம் ஸ்பீக்கர்ல 200 வாட் கேக்குது. ஆம்போ 60 வாட்டுதான். உள்ள 1.1 வோல்ட் வந்தாலே அதுக்கு மூச்சு முட்டிடும். நாம வீட்டுல கேக்குறதோ ஒரு வாட்டுகூட வராது, அதுக்கு 0.14 வோல்ட் போதும். அதனால "பிரீ இல்லன்னா சவுண்டுல உயிரே இருக்காது பாஸ்"னு ஒரு கடையில எனக்கு நாலாயிரம் வெள்ளி (ரிங்கிட்) பிரீஆம்ப் பெட்டியக் காட்டினாங்களே, அங்க பெருக்க என்ன இருக்கு? இருக்கிறதே கூடுதல், குறைக்கத்தான் ஆள் வேணும்.

சில பிளேயர் ரிமோட்டுலயே வால்யூம் வச்சு வரும். பழைய 16 பிட் பிளேயர்ல உள்ளுக்குள்ளயே டிஜிட்டல்ல குறைச்சா 6 டெசிபலுக்கு ஒரு பிட் போகும், அதாவது சத்தத்தோட நுணுக்கம் குறையும், நான் சொன்ன 0.14 வோல்ட்டுக்கு வர்றதுக்குள்ள கிட்டத்தட்ட நாலு பிட் காலி. வீணை கம்பி அதிர்ந்து அடங்குற அந்தக் கடைசி இழை இருக்கே, அங்கதான் அந்த இழப்பு தெரியும். இப்ப வர்ற 24, 32 பிட் டிஏசி (டிஜிட்டல அனலாக் சிக்னலா மாத்துற சிப்) உள்ளதுல இந்தக் கவலை பெருசா இல்ல.

நான் கடைசியா செஞ்சது பிஸ்கட் டின் வேலை: பிளேயருக்கும் ஆம்புக்கும் நடுவுல, டின்னுக்குள்ள ஒரு வால்யூம் குமிழ். ஜாலான் பாசார்ல ஆறு கால் உள்ள டபுள் பாட் (இடது வலது ரெண்டுக்கும் சேர்த்து ஒரே குமிழ்ல திருப்புற தடை), 10கே, அதாவது 10 கிலோ ஓம். முதல்ல பி10கே வாங்கிட்டு வந்துட்டேன், அது லீனியர், குமிழ லேசா திருப்பினாலே சத்தம் குபீர்னு பாயும், அப்புறம் மேல எல்லாம் ஒரே மாதிரி. ஏ10கே தான் காதுக்கு சரி. சால்டர் வச்சு, டின்ன எர்த்துக்கு இழுத்து, ஆம்புக்கு அரை மீட்டர் கேபிள்தான் போட்டேன். பாட் நடுவுல நிக்கும்போது 2.5 கிலோ ஓம் வரைக்கும் தடை காட்டும், நீளக் கேபிள் போட்டா மேல் ஸ்தாயி மங்கிடும். ரொம்ப கீழ வச்சா இடது வலது சத்தம் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், அதோட வாழப் பழகிட்டேன். டின் சிவப்பு கலரு, வீட்டம்மாவுக்குப் பார்க்கவே பிடிக்கல.

இன்னொண்ணு, போடும்போது ஆம்ப் கடைசி, அணைக்கும்போது ஆம்ப் முதல்ல. கரண்ட் போச்சுன்னா மொதல்ல ஆம்ப் சுவிட்ச ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா திரும்பி வரும்போது "டம்"முனு ஒண்ணு அடிக்கும் பாருங்க, எனக்கு வலது டுவீட்டர் மட்டும்தான் ஒரிஜினல்.

டிவி, ஃபோன், ரேடியோன்னு நாலு சாமான் மாட்டுறவங்க பிரீயே வாங்கிக்குங்க, ஒவ்வொரு தடவையும் ஒயர் புடுங்கிக்கிட்டு இருக்க முடியாது. எனக்கு ஒரு பிளேயர், ஒரு டின், ஒரு ஆம்ப். இசைத்தட்டு பிளேயர் மேல ஒரு கண்ணு இருக்கு, அந்த ஊசி குடுக்கிறது சில மில்லிவோல்ட்தான், அத வாங்கினா அதப் பெருக்குற போனோ பிரீக்கு காசு எடுத்து வைக்கணும், அதுக்கு முதல்ல வீட்டம்மா கிட்ட பேசணும்.