கடிதம் பழைய முகவரிக்குப் போய்விட்டது

பின் இருக்கையில் இருந்துகொண்டு அம்மா மூன்று வாரமாகச் சொன்னார்: "தம்பி, பெற்றோல் மணக்கிறது." நான் காதில் வாங்கவில்லை. அம்மாவுக்கு வாகனம் ஏறினாலே தலை சுற்றும், வயதும் எழுபத்து மூன்று, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். தை மாதக் குளிரில் கண்ணாடியை இறக்கிவிட்டு, சால்வையால் காதையும் மூக்கையும் மூடிக்கொண்டு, மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோவில் வரைக்கும் வந்தார். அவருக்குப் பக்கத்தில் என் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். இதை எழுதும்போதும் நெஞ்சு பதறுகிறது.

மாசியில் பிறேக் பார்ப்பதற்காக வானை ஸ்காபரோவில் எங்களுக்குத் தெரிந்த தம்பி ஒருவரின் கராஜுக்குக் கொண்டுபோனேன். வானைத் தூக்கியதும் அவர் பிறேக்கைப் பார்க்கவில்லை. மூக்கைச் சுளித்தார். பின் சில்லைக் கழற்றி, அதற்குப் பின்னால் இருந்த பிளாஸ்டிக் மூடியையும் கழற்றினார். உள்ளே சேறும் உப்பும் கலந்து கட்டியாக இறுகிக் கிடந்தது. அதைத் தட்டிவிட்டு, பெற்றோல் ஊற்றும் வாயிலிருந்து தாங்கிக்குப் போகும் குழாயில் ஸ்குரூ டிரைவரின் நுனியை வைத்தார். அழுத்தவே இல்லை. கறள் பொருபொருவென்று உதிர்ந்தது, நொறுங்கிய அப்பளம் மாதிரி. குழாயைச் சுற்றிக் கறுப்பாக ஈரம். அதில் விரலைத் தொட்டு என் மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்தார். "அண்ணை, அம்மா சொன்னது சரி" என்றார்.

பிறகு முன் கண்ணாடியின் மூலையில் தெரியும் பதினேழு எழுத்து இலக்கத்தைப் பார்த்துத் தொலைபேசியில் தட்டினார். அரை நிமிடம் ஆகவில்லை. அதே குழாய்க்கு, அதே கறளுக்கு, தயாரித்த நிறுவனமே ரீகோல், அதாவது குறைபாட்டைத் திருத்துவதற்காக வாகனத்தைத் திருப்பி அழைக்கும் அறிவித்தல், விட்டிருக்கிறது. அறிவித்து ஆறு வருடம். இலவசத் திருத்தம். என் வானுக்கு மட்டும் யாரும் செய்யவில்லை. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கீழே பெயர் சொல்லி எழுதியிருக்கும் எந்த நிறுவனத்தின் வானும் அல்ல எங்களுடையது.

நான் அந்த வானின் மூன்றாவது சொந்தக்காரன். ரீகோல் கடிதம் போன காலத்தில் அது வேறொருவரிடம் இருந்திருக்கிறது. அவர் வீடு மாறினாரோ, விளம்பரக் கடிதம் என்று எறிந்துவிட்டாரோ. வானை விற்றார், வாங்கியவர் என்னிடம் விற்றார். 5,200 டொலர் எண்ணிக் கொடுத்து வாங்கினேன், பாதுகாப்புச் சான்றிதழும் வாங்கினேன். ஒன்ராறியோவில் பழைய வாகனம் வாங்கிய எல்லோருக்கும் அந்தத் தாள் தெரியும். 36 நாள் செல்லுபடியாகும். பிறேக், ஸ்டியரிங், ரயர், விளக்கு எல்லாம் பார்ப்பார்கள். ரீகோல் திருத்தம் செய்யப்பட்டதா என்பது அந்தப் பரிசோதனையில் இல்லை. "பாதுகாப்பு" என்று தலைப்புப் போட்ட ஒரு தாளில், தயாரித்தவனே ஆபத்து என்று ஒத்துக்கொண்ட குறைபாட்டைப் பற்றி ஒரு வரி கிடையாது. இதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இந்தக் கறள் கதை எங்களுக்குப் புதியதும் அல்ல. போர்ட் விண்ட்ஸ்டார் வானை நினைவிருக்கிறதா? தொண்ணூறுகளின் கடைசியில் ரொறன்ரோவில் தமிழ்க் குடும்பங்கள் ஏறித் திரிந்த வான்களில் அதுவும் ஒன்று. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், ஓக்வில் தொழிற்சாலையில் செய்தது. அதன் பின்னச்சு, இரண்டு பின் சில்லுகளையும் குறுக்கே இணைக்கும் ஒற்றை இரும்புத் துண்டு. வாய்க்கால் மாதிரி மடித்த வடிவம். குளிர்காலத்தில் சில்லு வாரி அடிக்கும் உப்புத் தண்ணீர் அதற்குள் போய்த் தங்கும். வெளியே பார்த்தால் சும்மா மேல் கறள் போல இருக்கும், தின்பது உள்ளே. பல வருடம் தின்று, ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெடித்து முறியும். முறிந்தால் பின்பக்கம் எங்கே இழுக்கும் என்று ஓட்டுபவருக்குத் தெரியாது.

2010 மே மாதம் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் விசாரணையைத் திறந்தது. ஓகஸ்டில் போர்ட் ரீகோல் அறிவித்தது. 1998 முதல் 2003 வரையான மொடல்கள், உப்புப் போடும் பிரதேசங்களில் ஓடியவை, மொத்தம் ஏறக்குறைய 5,75,000 வான்கள். அதில் ஒரு இலட்சத்துக்கு மேல் கனடாவில். அடுத்த வருடம் ஜனவரியில் அதே வானின் முன்பக்கத் தாங்கு சட்டத்துக்கு இன்னொரு ரீகோல், சுமார் 5,25,000 வான்கள். அதற்கும் காரணம் கறள்தான்.

அந்த வருடங்களைக் கணக்குப் பாருங்கள். 1998ஆம் ஆண்டு மொடலுக்கு 2010இல் ரீகோல் வருகிறது. பன்னிரண்டு வருடம். புதிதாக வாங்கியவர் எங்கே, அந்த வான் எங்கே? அது இரண்டு மூன்று கை மாறி, கனடாவுக்கு வந்து இரண்டு வருடமே ஆன ஒரு குடும்பத்திடம் நிற்கும். இரவில் தொழிற்சாலை வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு 401 நெடுஞ்சாலையில் ஓடும். கறள் குறைபாடு என்பது வாகனம் பழையதான பிறகுதான் வெளியே வரும். வாகனம் பழையதானால் அது காசு குறைந்தவர் கைக்குத்தான் வரும். ஆனால் கடிதமோ பெரும்பாலும் பழைய முகவரியைத் தேடிப் போகிறது. இந்த ஒழுங்கின் ஓட்டை ஏழைக் குடும்பத்தின் தலைக்கு மேலேயே இருக்கிறது என்பதை யாராவது உரக்கச் சொல்ல வேண்டும்.

ரொயோட்டா சியன்னா வைத்திருப்பவர்களும் கேளுங்கள். 1998 முதல் 2010 வரையான மொடல்களில், வானுக்கு அடியில் மேலதிக சில்லைத் தாங்கும் கம்பிக் கயிறு உப்பில் கறள்பிடித்து அறக்கூடும் என்று 2010 ஏப்ரலில் ரீகோல் வந்தது. அமெரிக்காவின் குளிர்ப் பிரதேசங்களில் மட்டும் சுமார் ஆறு இலட்சம் வான்கள். கயிறு அறுந்தால் சில்லு நெடுஞ்சாலையில் விழும், பின்னால் வருபவரின் கதி என்ன? உங்கள் வானுக்கு அடியில் தொங்குவது உங்களுடைய பிரச்சினை மட்டும் அல்ல.

"இது அரசாங்கம் பார்க்கிற வேலை, நாங்கள் என்ன செய்வது" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். அரசாங்கம் எப்படிப் பார்க்கிறது என்பதைத்தான் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான விசாரணைகள் ஆய்வுகூடத்தில் தொடங்குவதில்லை. சொந்தக்காரர்கள் எழுதி அனுப்பும் முறைப்பாட்டில் தொடங்குகின்றன. ஒரே மொடல், ஒரே பகுதி, ஒரே விதமான முறிவு என்று முறைப்பாடுகள் சேரும்போது முதல்கட்ட மதிப்பீடு. அதில் சந்தேகம் வலுத்தால் பொறியியல் ஆய்வு. அதற்கும் பிறகுதான் நிறுவனத்திடம் "என்ன செய்யப்போகிறாய்" என்ற கேள்வி வரும். கனடாவிலும் போக்குவரத்து அமைச்சில் குறைபாடுகளை விசாரிக்கும் பிரிவு ஒன்று இருக்கிறது, முறைப்பாட்டை யாரும் கொடுக்கலாம். எங்கள் ஆட்கள் கொடுப்பதில்லை. அச்சு முறிந்தால் கராஜில் காசைக் கொடுத்து மாற்றிவிட்டு, "நல்ல காலம், உயிர் தப்பியது" என்று கோவிலில் தேங்காய் உடைத்துவிட்டுப் போய்விடுகிறோம். தேங்காய் உடையுங்கள். அன்றைக்கே அந்த முறைப்பாட்டையும் எழுதுங்கள். உங்களுக்கு முறிந்தது அடுத்த தெருவில் இன்னொருவருக்கு முறியாமல் இருக்க அந்த ஒரு பக்கம் தேவை.

நிறுவனங்கள் தாமாகவே எல்லாம் செய்துவிடும் என்று நம்புகிறவர்களுக்குக் கிறைஸ்லர் வான்களின் பின்கதவுக் கதையைச் சொல்கிறேன். 1984 முதல் 1995 வரையான டொட்ஜ் கரவன், பிளிமத் வொயேஜர் வான்கள். இதுவும் எங்கள் ஒன்ராறியோவின் வின்ட்சர் நகரத்தோடு சேர்த்துப் பேசப்படும் வான்தான். மோதும்போது பின்கதவின் பூட்டு விட்டுவிடுகிறது, உள்ளே இருப்பவர்கள் வெளியே எறியப்படுகிறார்கள் என்று முறைப்பாடு. அமெரிக்காவில் 1993இல் விசாரணை தொடங்கியது. இறந்தவர்கள் முப்பதுக்கும் மேல், அதில் பிள்ளைகளும் உண்டு. 1995 மார்ச்சில் நிறுவனம் நாற்பது இலட்சத்துக்கும் அதிகமான வான்களின் பூட்டை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. ஆனால் அதை ரீகோல் என்று சொல்லவில்லை, "சேவை" என்றது. குறைபாடு இருக்கிறது என்று ஒத்துக்கொள்ளவும் இல்லை. சேவை என்று எழுதிய கடிதத்தைப் படிக்கும் தாய், நேரம் கிடைக்கும்போது பார்ப்போம் என்றுதான் நினைப்பாள். ஆபத்து என்று எழுதியிருந்தால் அன்றைக்கே கொண்டுபோயிருப்பாள். ஒரு சொல்லில் அவ்வளவு இருக்கிறது.

சட்டம் அசையவே இல்லை என்று நான் சொல்லவில்லை. கனடாவில் 2018 வரைக்கும் நிறுவனம் குறைபாட்டை அறிவித்தால் போதும், திருத்திக் கொடுக்கும்படி அமைச்சர் கட்டளையிட முடியாத நிலை இருந்தது. அந்த வருடம் வந்த சட்டத் திருத்தம்தான் நிறுவனத்தின் செலவில் திருத்தச் சொல்லும் அதிகாரத்தைக் கொடுத்தது. அமெரிக்காவில் பதினைந்து வருடம் வரையான வாகனங்களுக்கு ரீகோல் திருத்தம் இலவசம், முன்பு அது பத்து வருடமாக இருந்தது. ரீகோல் முடிக்காத புது வாகனத்தை அங்கே விற்க முடியாது. 2004இல் கலிபோர்னியாவில் ரீகோல் திருத்தம் செய்யாத வாடகைக் காரில் போன இரண்டு சகோதரிகள் இறந்தார்கள். அவர்களுடைய தாய் பல வருடம் ஓயாமல் போராடினார். 2016 முதல் பெரிய வாடகை நிறுவனங்கள் அப்படிப்பட்ட வாகனங்களை வாடகைக்குக் கொடுக்கக் கூடாது என்று சட்டமானது. ஒரு தாய் அசைத்த சட்டம் அது. ஆனால் அதே நாட்டில், ரீகோல் முடிக்காத பழைய வாகனத்தை விற்பதற்கு மத்திய அரசின் சட்டத்தில் இன்னும் தடை இல்லை.

ஜேர்மனியில் இருக்கும் என் சித்தப்பாவின் மகனிடம் இதைப் பற்றிப் பேசினேன். அங்கே வாகனப் பதிவு முழுவதும் மத்திய ஆணையம் ஒன்றிடம் இருக்கிறது. ஆபத்தான குறைபாடு என்றால் இன்றைய சொந்தக்காரருக்குக் கடிதம் வரும். திருத்தாமல் இழுத்தடித்தால் வாகனத்தைத் தெருவில் ஓடவிடாமல் செய்யும் அதிகாரமும் இருக்கிறது. கடுமைதான். ஆனால் அந்தக் கடுமை அவனுடைய பிள்ளைகளைக் காப்பாற்றுகிறது. எனக்கு அது வேண்டும்.

ஊரில், இலங்கையில், நிலைமை இன்னும் மோசம். ஜப்பானில் ஓடி முடித்த வான்களைக் கப்பலில் இறக்கி, "ரீகண்டிஷன்" என்று பெருமையாகச் சொல்லி வாங்குகிறோம். ஜப்பானில் அந்த வானுக்கு ரீகோல் வந்தால் கடிதம் யாருக்குப் போகும்? ஒசாகாவிலோ நகோயாவிலோ இருந்த பழைய சொந்தக்காரருக்கு. அது பருத்தித்துறைக்கு வராது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. ரீகோல் கடிதத்தை ஆளோடு கட்டாதீர்கள், வாகனத்தோடு கட்டுங்கள். ஒன்ராறியோவில் வாகனம் கை மாறும்போது பாதுகாப்புச் சான்றிதழ் கட்டாயம் என்றால், ரீகோல் முடிந்ததா என்ற ஒரு கேள்வியையும் அதில் கட்டாயமாக்குங்கள். பதினேழு எழுத்தைத் தட்டிப் பார்க்க அரை நிமிடம் போதும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். முன்பு ஏழு வருடத்துக்கு மேற்பட்ட கார்களுக்குப் புகைப் பரிசோதனை இருந்தது, 2019இல் அதை நிறுத்தினார்கள். இலக்கத் தகட்டு ஸ்டிக்கரையும் 2022இல் நிறுத்தினார்கள். செலவு மிச்சம் என்று நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம், நானும்தான். ஆனால் பழைய வாகனக்காரருக்கு அரசாங்கத்தின் வாசலில் நின்று ஒரு செய்தியைக் கேட்கும் சந்தர்ப்பமும் அதோடு போய்விட்டது. அதற்குப் பதிலாக ஒன்றையும் வைக்கவில்லை. எங்கள் பகுதி மாகாண சபை உறுப்பினருக்கு இதை எழுதி அனுப்பியிருக்கிறேன். நீங்களும் உங்கள் உறுப்பினருக்கு எழுதுங்கள், என் பதிவிலிருந்து எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வானுக்குப் புதுக் குழாய் போட்டாயிற்று. இரண்டு மணித்தியால வேலை, ஒரு சதமும் கேட்கவில்லை. பழைய குழாயைக் கேட்டு வாங்கி வந்தேன். கையில் எடுத்தால் ஊசி குத்தியது போல மூன்று இடத்தில் வெளிச்சம் தெரிகிறது. அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் தொடாமல் மேலே எடுத்து வைக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

நேற்று இரவு மச்சான் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். சாப்பாட்டுக்கு முதல், கொட்டும் பனியில், இரண்டு பேரும் வெளியே போய் அவருடைய வானின் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டி இலக்கத்தைப் பார்த்தோம். இரண்டு ரீகோல் முடிக்காமல் கிடக்கிறது. ஒன்று காற்றுப்பை, மற்றது நகரும் கதவின் பூட்டு. அந்தக் கதவுப் பக்கத்தில்தான் சின்ன மருமகளின் இருக்கை கட்டியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு நேரம் எடுத்திருக்கிறார். அதுவரைக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு நான் ஏற்றி இறக்குகிறேன்.