முகவரி கேட்கும் படிவம்

பெரிய உதவி நிறுவனத்தில் வேலை. ஆனால் பாதி நாள் படிவம் நிரப்புவதிலேயே போகிறது. நேற்று இலங்கை மலையகத்தில், பதுளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், ஒழுகும் லயக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் ஓர் அறை) ஒரு அக்காவின் முன் உட்கார்ந்தேன். தகரத்துக்குக் கீழே வாளி, அதை ஒட்டிப் பிள்ளையின் பள்ளிக்கூடப் பை. என் முதல் கேள்வி: "வீட்டு முகவரி என்னக்கா?"

லயத்துக்கு ஏது முகவரி? கடிதம்கூட தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். அடுத்தது காணி உறுதி இலக்கம். 200 வருசமாக இந்த மலையில் உழைக்கும் சனத்தில் பெரும்பாலானவர்களுக்குக் காணியே இல்லை, உறுதிக்கு எங்கே போவது? காலியாக விட்டால் டேப்லெட் அடுத்த பக்கத்துக்கு நகராது.

"போன மாசமும் இதையேதானே கேட்டீங்க தம்பி?"

கேட்டேன்தான். புதுத் திட்டம் வந்தால் கொழும்பிலிருந்து புதுப் படிவம் வந்துவிடும். எனக்குப் பதில் சொல்ல அக்கா அரைப்பேரை, அதாவது அரைநாள் சம்பளத்தை, இழந்திருந்தார். அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

2014-ல் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு வந்து லயங்களே மண்ணுக்குள் போன மாவட்டம் இது. பின்பக்க மண்திட்டு எப்படி இருக்கிறது என்றல்லவா முதலில் கேட்க வேண்டும்? அதற்குக் கட்டமே இல்லை. அக்கா தானாகவே கூட்டிப்போய்ச் சுவர் வெடிப்பைக் காட்டினார். என் விரல் உள்ளே போனது. படம் எடுத்தேன். படிவத்தில் அதைச் சேர்க்க இடமில்லை.